அறிவியல் கண்காட்சி ப்ராஜெக்ட்: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளோடு தொடர்ந்து உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்று உண்டு. பழுது தெரிகிற இடம் வேறு, பழுது இருக்கிற இடம் வேறு. நடுவர் முன்னால் வாய் அடைத்துப்போகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் பேச்சில் குறை இருக்காது. மூன்று வாரத்துக்கு முன்னால் நோட்டில் எழுதாமல் விட்ட ஒரு வரிதான் அங்கே வந்து தொண்டையைப் பிடிக்கும்.

இதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில் வரும், எல்லாவற்றையும் மறுபடி செய்யவைக்கிற காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

## அறிகுறி: தலைப்பு இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை

ஒரு தாளில் இந்த வாக்கியத்தை எழுதி நிரப்புங்கள்: "______ஐ மாற்றினால் ______ எவ்வளவு மாறும்?"

இரண்டாவது கோடு நிரம்பவில்லை. அதாவது, அளக்க எதுவும் இல்லை. சமையல் சோடாவும் வினிகரும் பொங்குகிற எரிமலை மாதிரிக்கு இதுதான் நோய். பொங்குகிறது, எல்லாரும் பார்க்கிறார்கள், அத்தோடு சரி. அதே பொருட்களை வைத்தே அதைக் காப்பாற்றலாம். ஒரு பாட்டிலில் 50 மி.லி. வினிகர், அதன் வாயில் ஒரு பலூன், பலூனுக்குள் 1 கிராம் சோடா. பலூனை நிமிர்த்திச் சோடாவைக் கொட்டி, ஊதி முடித்ததும் சுற்றளவை அளங்கள். அடுத்து 2 கிராம், 3 கிராம் என்று 6 கிராம் வரை போங்கள். சாதாரண 5 சதவீத வினிகர் என்றால் சுமார் மூன்றரை கிராமுக்குப் பிறகு பலூன் மேற்கொண்டு பெரிதாகாது, ஏனென்றால் அமிலம் தீர்ந்துவிட்டது. வரைபடம் ஏறி, ஓர் இடத்தில் படுத்துக்கொள்ளும். அந்த வளைவைச் சுட்டிக்காட்டி ஒரு மாணவரால் பத்து நிமிடம் பேச முடியும்.

முதல் கோட்டில் இரண்டு விஷயங்கள் உட்கார்ந்திருக்கின்றன. "வெளிச்சத்தையும் உரத்தையும் மாற்றினால்" என்று இருந்தால் ஒன்றை வெட்டுங்கள். எதை வெட்டுவது என்று குழப்பமாக இருந்தால், அளவு வைத்து மாற்றக் கடினமானதை வெட்டுங்கள்.

"நன்றாக", "வேகமாக", "ஆரோக்கியமாக" போன்ற சொற்கள் வருகின்றன. அவற்றுக்குப் பின்னால் ஓர் அலகு வைக்க முடியுமா என்று பாருங்கள். "செடி நன்றாக வளர்கிறது" என்பதைத் தண்டின் உயரம் மில்லிமீட்டரில், அல்லது இலைகளின் எண்ணிக்கை என்று மாற்றுங்கள்.

நாட்கள் போதவில்லை. இதுதான் கடினமான காரணம். ஒரு சோதனைக்கு ஆகும் நாட்களை எத்தனை தடவை செய்யப் போகிறீர்களோ அதனால் பெருக்குங்கள். சார்ட் தயாரிக்கவும் பேசிப் பழகவும் ஒரு வாரம் சேருங்கள். கையிலிருக்கும் நாட்களைவிட அது அதிகமானால் தலைப்பை மாற்றத்தான் வேண்டும். முழுத் தலைப்பையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. செடி முழுதாக வளர்வதைப் பார்ப்பதற்குப் பதில் பயறு முளைப்பதைப் பாருங்கள். ஊறிய பச்சைப்பயறு ஓரிரு நாளில் வேர் நீட்டிவிடும்.

ஆசிரியரிடம் போக வேண்டிய நேரம்: எதையும் வாங்குவதற்கு முன்னால். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

## அறிகுறி: ஒரே சோதனை, ஒவ்வொரு தடவையும் வேறு எண்

முதலில் பயப்படாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே எண் வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். எண்கள் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். மூன்று வழிகள் பிரிகின்றன.

### எண்கள் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன

அளக்கிற கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீள ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 2 நொடி ஆகும். ஸ்டாப்வாட்ச் பொத்தானை அழுத்தும் விரல் கண்ணுக்குப் பின்னால் சுமார் 0.2 நொடி தாமதமாக வரும். ஓர் அலைவை மட்டும் அளந்தால் பத்தில் ஒரு பங்கு பிழை அங்கேயே போய்விட்டது. இருபது அலைவுகளை ஒன்றாக அளந்து இருபதால் வகுத்தால், அதே 0.2 நொடி 40 நொடிக்குள் கரைந்துபோகும்.

எண்ணும்போது குண்டு நடுப்புள்ளியைக் கடக்கையில் "பூஜ்யம்" என்று தொடங்குங்கள். "ஒன்று" என்று தொடங்கி "இருபது" வரை போனால் நீங்கள் அளந்தது பத்தொன்பது அலைவுகள். எண்கள் ஒத்துப்போகாத ஊசல் ப்ராஜெக்ட் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். அப்புறம் கயிற்றின் நீளம். குண்டின் மேல்முனை வரை அளந்தீர்களா, மையம் வரையா? மையம் வரை அளக்க வேண்டும். விடுகிற கோணமும் சிறிதாக, 10 டிகிரிக்குள் இருக்கட்டும்.

கை சரி என்றால், தடவைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று தடவை என்பது குறைந்தபட்சம், ஐந்து நல்லது. உப்புநீரில் விதை முளைப்பதைப் பார்க்கிறீர்கள் என்றால் தொட்டிக்கு ஒன்று போதவே போதாது, பத்தாவது வேண்டும். ஒற்றை விதை முளைக்கவில்லையென்றால் குற்றம் உப்புநீருடையதா, அந்த விதை ஏற்கெனவே சொத்தையா என்று யாராலும் சொல்ல முடியாது.

### எண்கள் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகின்றன

முதல் தடவை 14 குண்டூசி தூக்கிய மின்காந்தம், அடுத்து 12, அடுத்து 9 என்று இறங்குகிறதா? பேட்டரி தளர்கிறது, கம்பிச் சுருளும் சூடாகிறது. சூடான செம்பில் மின்தடை கூடும், மின்னோட்டம் குறையும். திறந்து வைத்த ஹைட்ரஜன் பெராக்சைடும் நாளாக நாளாக வீரியம் இழக்கும். அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் ஊதா முட்டைக்கோஸ் சாறு சில நாளில் கெட்டு நிறம் மாறும்.

இதற்கு ஒரு சோதனை போதும். எல்லாம் முடிந்த பிறகு, முதலில் செய்த அதே நிலையை மறுபடி செய்து பாருங்கள். முதல் எண்ணும் கடைசி எண்ணும் விலகி நின்றால் ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியாமல் மாறிக்கொண்டிருக்கிறது. சோதனைகளின் வரிசையைக் குலுக்கிப்போட்டுச் செய்யுங்கள், நடுவில் சுருளை ஆறவிடுங்கள். சுருளில் 10 சுற்று, 20 சுற்று, 30 சுற்று என்று வரிசையாகவே போனால், பேட்டரியின் களைப்பைச் சுற்றுகளின் விளைவு என்று எழுதிவிடுவீர்கள்.

### ஓர் எண் மட்டும் தனியே நிற்கிறது

அழிக்காதீர்கள். நோட்டைத் திறந்து அன்றைய வரியைப் படியுங்கள். "தண்ணீர் சிந்திவிட்டது" என்று அப்போதே எழுதியிருந்தால், காரணத்தோடு அந்த எண்ணைத் தனியே காட்டலாம். எதுவும் எழுதவில்லை என்றால் அது சராசரியில் சேர்ந்தே ஆக வேண்டும். பிடிக்காத எண்ணைப் பிறகு காரணம் தேடி நீக்குவது ப்ராஜெக்ட்டின் முதுகெலும்பை உடைக்கிற வேலை.

கணித ஆசிரியரைப் பார்க்க வேண்டிய நேரம்: ஒரே நிலைக்குள் எண்கள் சிதறும் அளவு, இரண்டு நிலைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கும்போது. எடைக்கருவி மேலேயே சந்தேகம் என்றால் எடை தெரிந்த பொருள் ஒன்றை வைத்துப் பாருங்கள். அப்போதும் தவறாகக் காட்டினால் ஆய்வகப் பொறுப்பாளரிடம் விடுங்கள்.

## அறிகுறி: வித்தியாசமே வரவில்லை, அல்லது கருதுகோளுக்கு நேர் எதிராக வருகிறது

எடுத்துக்கொண்ட இடைவெளி போதுமா என்று பாருங்கள். 20, 22, 24 டிகிரியில் ஈஸ்ட் ஒரே மாதிரி நுரைத்தால் வியப்பில்லை. 10, 25, 40 என்று அகலப்படுத்துங்கள். அடுத்து அளவுகோல். மில்லிமீட்டரில் தெரியும் வித்தியாசத்தைச் சென்டிமீட்டரில் வட்டமாக்கினால் அது காணாமல் போகும். மூன்றாவதாக, எதுவும் சேர்க்காத ஒப்பீட்டு மாதிரி இருக்கிறதா? அது இல்லாமல் "உரத்தால் வளர்ந்தது" என்று சொல்ல முடியாது, உரம் இல்லாமலும் அவ்வளவு வளர்ந்திருக்கலாம்.

மூன்றும் சரியாக இருந்தும் வித்தியாசம் இல்லையென்றால், அதுதான் உங்கள் விடை. அப்படியே எழுதுங்கள். 1887இல் மைக்கேல்சன், மோர்லி என்ற இரு விஞ்ஞானிகள், வெளியெங்கும் நிரம்பியிருப்பதாக அன்று நம்பப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தில் பூமி நகர்வதால் ஒளியின் வேகத்தில் வித்தியாசம் தெரியும் என்று தேடினார்கள். எதிர்பார்த்த வித்தியாசம் கிடைக்கவில்லை. இயற்பியலில் இன்றும் பேசப்படுகிற சோதனைகளில் அது ஒன்று. கருதுகோளை மட்டும் பின்னால் போய்த் திருத்தாதீர்கள். முன்பே தேதி போட்டு எழுதியது, பிறகு வந்த விடை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற மாணவரை நடுவர்கள் கூடுதலாக நம்புவார்கள்.

## அறிகுறி: நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை

காலையில் அரங்குக்கு வந்து வயரைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நிற்கிற பிள்ளைகளை நினைத்துத்தான் இந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன். பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்துவிடாதீர்கள். ஒன்றைத் தொடுங்கள், பாருங்கள், பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

### எதுவுமே அசையவில்லை, எரியவில்லை

1. ஒவ்வொரு இணைப்பையும் விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். முறுக்கி மட்டும் விட்ட வயர்கள் வண்டியில் வரும்போது கழன்றுவிடும்.
2. எல்.இ.டி. திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா? நீளமான கால் பிளஸ் பக்கம் போக வேண்டும்.
3. பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள், ஆனால் மோட்டாரை இணைத்த நிலையிலேயே பாருங்கள். தனியாக 9 வோல்ட் காட்டுகிற சதுர பேட்டரி, மோட்டாரை மாட்டியதும் பாதிக்குக் கீழே இறங்கக்கூடும். மோட்டாருக்கு அந்த பேட்டரி ஏற்றதே இல்லை. 1.5 வோல்ட் செல்களை வரிசையாக இணைப்பது மேல்.
4. நீங்களே சுற்றிய சுருள் என்றால் கம்பி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செம்புக் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு உண்டு, அது மின்சாரத்தை விடாது. உப்புத்தாளால் தேய்த்தால் முனையின் நிறம் சட்டென்று வெளிறி, இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். அந்த நிறம் வரும்வரை தேய்க்க வேண்டும். எளிய மோட்டார் சுருளில் ஒரு முனையை முழுச் சுற்றும் தேய்க்க வேண்டும், மறுமுனையில் பாதிச் சுற்று மட்டும். இரண்டையும் முழுதாகத் தேய்த்துவிட்டால் சுருள் ஆடும், சுழலாது.

### எலுமிச்சை பேட்டரியில் விளக்கு எரியவில்லை

இது மிகவும் அடிக்கடி வருவதால் தனியாகவே எழுதுகிறேன். செம்பும் துத்தநாகமும் செருகிய ஓர் எலுமிச்சை ஏறத்தாழ 0.9 வோல்ட் தரும். சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் அளவில் வேண்டும், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட் அளவில். எனவே முதலில் சிவப்புக்கு மாறுங்கள். நான்கு பழங்களை வரிசையாக இணையுங்கள், ஒன்றின் துத்தநாகம் அடுத்ததன் செம்போடு சேர வேண்டும். உலோகங்களை உப்புத்தாளால் தேய்த்து, பழத்துக்குள் நெருக்கமாக, ஆனால் ஒன்றையொன்று தொடாமல் செருகுங்கள்.

இவ்வளவும் செய்தும் மங்கலாகத்தான் எரியும், ஏனென்றால் பழம் தரும் மின்னோட்டம் மிகவும் குறைவு. வீட்டில் விளக்கணைத்த அறையில் தெரிந்தது வெளிச்சமான அரங்கில் தெரியாது. எல்.இ.டி.யைச் சுற்றிக் கறுப்புத் தாள் குழாய் ஒன்றை வையுங்கள். அதைவிட நல்ல வழி, மல்டிமீட்டரை மாட்டி எண்ணைக் காட்டுவது. பழத்தைக் கூட்டக் கூட்ட வோல்ட் எண் ஏறுவது, விளக்கைவிட உறுதியான ஆதாரம்.

### ஓடுகிறது, ஆனால் விட்டு விட்டு ஓடுகிறது

சென்சார் வைத்த மைக்ரோகன்ட்ரோலர் போர்டு என்றால் மோட்டாருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். போர்டின் 5 வோல்ட் முனையிலிருந்தே சர்வோ மோட்டாரை ஓட்டினால், மோட்டார் இழுக்கும்போது போர்டு அணைந்து மறுபடி தொடங்கும். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுங்கள், இரண்டின் கிரவுண்ட் (மைனஸ்) வயரையும் சேர்த்துவிடுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் பிரெட்போர்டில் (வயர்களைச் செருகும் துளைப் பலகையில்) ஒரு வயர் தளர்ந்திருக்கும். ஒவ்வொன்றாக வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

### எதுவும் கைகொடுக்கவில்லை

ஓடிய நாளில் எடுத்த வீடியோ, அன்றைய தேதி போட்ட நோட்டு, அளந்த எண்கள். இவை மூன்றும் இருந்தால் மாதிரி ஓடாவிட்டாலும் ப்ராஜெக்ட் நிற்கும். முதல்முறை ஓடிய அன்றே வீடியோ எடுத்துவிடுங்கள்.

கையை எடுத்துவிட்டு ஆளை அழைக்க வேண்டிய நேரம்: சுவர் மின்சாரத்தில் நேரடியாக ஓடுகிற எதுவானாலும் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் சொருகக் கூடாது. உப்பிய லித்தியம் பேட்டரி, கருகிய வாசனை, தொட முடியாத சூடு, இவற்றில் எது வந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆசிரியரைக் கூப்பிடுங்கள். "ஒரு தடவை மட்டும் போட்டுப் பார்ப்போம்" என்பது இங்கே வேண்டவே வேண்டாம்.

## அறிகுறி: பார்க்க வருகிறவர்கள் நிற்காமல் போகிறார்கள்

சார்ட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். உங்கள் கேள்வி அங்கிருந்து படிக்க முடிகிறதா? இல்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். பத்தி பத்தியாக எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது இருந்தால் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் வரைபடத்தை வையுங்கள்.

வரைபடத்தில் அச்சுகளுக்குப் பெயரும் அலகும் உண்டா? வகைகளை ஒப்பிட்டால் பட்டைப்படம், தொடர்ந்து மாறும் அளவென்றால் கோட்டுப்படம். பட்டைப்படம் பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். 90இலிருந்து தொடங்கினால் 92க்கும் 96க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் போலத் தெரியும், விவரம் தெரிந்த நடுவர் அதை உடனே பிடிப்பார்.

## அறிகுறி: நடுவர் கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது

மனப்பாடம் செய்ததில் ஒரு வரி விட்டுப்போயிற்று. மிகவும் சாதாரணம். மனப்பாடத்தை விட்டுவிடுங்கள். வரைபடத்தில் விரலை வைத்து, "இங்கே என்ன நடந்தது என்றால்" என்று தொடங்கிப் பழகுங்கள். இரண்டு நிமிடம், நோட்டைப் பார்க்காமல், அறிவியல் தெரியாத ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொன்னால் நீங்கள் தயார்.

சார்ட்டில் உள்ள ஒரு சொல்லுக்கே பொருள் தெரியவில்லை. சார்ட்டில் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் தொட்டு "இது என்ன?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். விளக்க முடியாததை நீக்கிவிட்டு, தெரிந்த சொல்லில் எழுதுங்கள்.

எதிர்பாராத கேள்வி. நடுவர்கள் கேட்பது பெரும்பாலும் சில கேள்விகளைச் சுற்றியே வரும். ஏன் இந்தக் கேள்வியை எடுத்தாய்? எதையெல்லாம் மாறாமல் வைத்தாய்? எத்தனை தடவை செய்தாய்? மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்? யார் உதவினார்கள்? இவற்றுக்கு உங்கள் நோட்டிலிருந்தே பதில் வர வேண்டும். உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் கேட்டால் இப்படிப் போகலாம்:

"உப்புக்குப் பதிலா சர்க்கரை கரைச்சிருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?"

"தெரியலை மேடம், நான் செஞ்சு பார்க்கலை. ஆனா இதே பத்து விதை, இதே தண்ணி அளவு வச்சு சர்க்கரையை மட்டும் மாத்தினா கண்டுபிடிச்சிடலாம்."

இந்தப் பதிலைக் கேட்டு மதிப்பெண்ணைக் குறைக்கிற நடுவரை நான் பார்த்ததில்லை.

வேலையை வேறு யாரோ செய்திருக்கிறார்கள். இதற்குக் கடைசி நேர மருந்து கிடையாது. சாலிடரிங்கை அப்பா செய்தார் என்றால் "சாலிடரிங் அப்பா செய்தார், அளந்தது நான்" என்று சொல்லிவிடுங்கள், அதில் தவறே இல்லை. அளந்ததும் அப்பா என்றால், இன்றே உட்கார்ந்து ஒரு சுற்றையாவது உங்கள் கையால் செய்து, அந்த எண்களை உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கோணலாக வெட்டிய அட்டையைக் கோணலாகவே விடுங்கள்.

பயத்தில் தூக்கமும் சாப்பாடும் போகிறது என்றால் அதைப் பயிற்சியால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இருவராகச் சேர்ந்து விளக்க அமைப்பாளர்கள் அனுமதிப்பார்களா என்று அவர் கேட்டுச் சொல்வார்.

## அறிகுறி: "இதை வைக்க அனுமதியில்லை" என்று நிறுத்திவிட்டார்கள்

பொருள்தான் சிக்கல். சுலபமாகத் தீரும். பல போட்டிகளில் மேசையில் உயிருள்ளவை, மண், திரவம் எதையும் வைக்கவிடமாட்டார்கள். ஐசெஃப் எனப்படும் சர்வதேசப் பள்ளி அறிவியல் போட்டியில் செடியும் தண்ணீரும்கூட வைக்க முடியாது. நாள்வாரியாக எடுத்த புகைப்படங்களை ஒட்டிவிட்டுத் தொட்டியை வீட்டுக்கு அனுப்புங்கள்.

செய்முறைதான் சிக்கல். மின்னாற்பகுப்புக்கு, அதாவது தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்க, சமையல் உப்பு போட்டிருந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலுக்கு ஆகாது. உப்புக்குப் பதில் சலவைச் சோடா, காற்றோட்டமான இடம், மின்சாரத்துக்கு பேட்டரி மட்டும் என்று மாற்றி மறுபடி செய்யுங்கள்.

முன் அனுமதி வாங்கவில்லை. இதுதான் விலை அதிகமான காரணம். மனிதர்களிடம் கருத்துக்கணிப்பு, நினைவாற்றல் சோதனை, நாடித்துடிப்பு அளப்பது, விலங்குகளைப் பயன்படுத்துவது, இவற்றுக்கெல்லாம் தொடங்கும் முன்னாலேயே எழுத்தில் ஒப்புதல் கேட்கும் போட்டிகள் உண்டு. செய்து முடித்த பிறகு வாங்கிய கையெழுத்து செல்லாது. விதிமுறைத் தாளை ஆசிரியரோடு உட்கார்ந்து படித்துவிட்டு, புதிய ஒப்புதலோடு புதிய தரவு எடுக்க வேண்டியதுதான்.

வீட்டில் கிருமி வளர்த்துவிட்டீர்கள். கதவுக் கைப்பிடியிலிருந்தோ செல்பேசியிலிருந்தோ பஞ்சால் துடைத்துத் தட்டில் வளர்த்தது என்றால், அதில் என்ன வளர்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஐசெஃப் விதிகள் கிருமிகளை வீட்டில் வளர்ப்பதைத் தடைசெய்கின்றன. தட்டைத் திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பைக்குள் வைத்து, கையைச் சோப்பால் கழுவிவிட்டு, உயிரியல் ஆசிரியரிடம் தகவல் சொல்லுங்கள். ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் கருவி) உள்ள ஆய்வகத்தில் அழிப்பது அவர் பொறுப்பு. சோதனையைத் தொடர வேண்டுமானால் அது அந்த ஆய்வகத்திலேயே, அவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் நடக்க வேண்டும்.